போட்டி விமானத்துக்கு அரசுப் பணம்: வழக்கா, வரியா, பேச்சா, ஆலையா?

போட்டி நிறுவனத்தின் புதிய பயணிகள் விமானத்துக்கு அந்நாட்டு அரசு பணம் போட்டிருக்கிறது, அதனால்தான் ஆர்டர்கள் கைநழுவிப் போகின்றன என்று ஒரு தயாரிப்பாளர் நம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரும் அவர் நாட்டு வணிக அமைச்சகமும் என்ன செய்யலாம்? கடந்த நாற்பது ஆண்டுச் சண்டைகளில் நான்கு வழிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜெனீவாவில் உலக வணிக அமைப்பில் வழக்குப் போடுவது, உள்நாட்டுச் சட்டப்படி இறக்குமதி வரி கேட்பது, எதிர்த்தரப்போடு உட்கார்ந்து அரசு நிதிக்கு உச்சவரம்பு பேசுவது, வாங்குபவரின் நாட்டிலேயே விமானத்தைப் பொருத்தும் ஆலை அமைப்பது. நான்காவது பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் எடுக்கும் வழி. ஆனாலும் அதைக் கணக்கில் எடுக்காமல் மற்ற மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஏன் என்பது கனடாவின் விமானத் தயாரிப்பு நிறுவனமான பம்பார்டியர் கதையில் தெரியும்.

வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது, எதில் ஜெயிப்போம் என்று. விற்பனைப் பிரிவு கேட்க வேண்டியது வேறு: அடுத்த ஏலத்தில் போட்டியாளர் சொல்லும் விலை எப்போது மாறும்? ஒரு விமான நிறுவனம் ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் விமானிகளின் பயிற்சி, சிமுலேட்டர், உதிரிபாகக் கிடங்கு, பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் அந்த ரகத்தைச் சுற்றியே அமைந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கு அந்த வாடிக்கையாளர் வேறு பக்கம் திரும்புவது கடினம். ஒரு ரகத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பவை அதன் முதல் சில பெரிய ஆர்டர்கள். அவை முடிந்த பிறகு வரும் தீர்ப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த விற்பனை திரும்பி வராது. நான்கு வழிகளையும் இந்தக் கடிகாரத்தை வைத்தே அளக்க வேண்டும்.

ஜெனீவா வழி

உலக வணிக அமைப்பின் மானிய ஒப்பந்தப்படி வழக்குத் தொடுப்பது ஒரு நாட்டின் அரசு மட்டுமே; நிறுவனம் நேரடியாகப் போக முடியாது. முதலில் கலந்தாலோசனை, பிறகு விசாரணைக் குழு, மேல்முறையீடு, தீர்ப்பை நிறைவேற்றினார்களா என்று பார்க்க இன்னொரு விசாரணைக் குழு, அதற்கும் மேல்முறையீடு, கடைசியில் பதிலடி எவ்வளவு என்று நிர்ணயிக்கும் நடுவர்கள். நிரூபிக்க வேண்டியவை நான்கு: அரசிடமிருந்து நிதி உதவி வந்தது, சந்தையில் கிடைப்பதைவிட அது சலுகையானது, குறிப்பிட்ட நிறுவனத்துக்கோ தொழிலுக்கோ மட்டும் கிடைத்தது, அதனால் வழக்குத் தொடுத்தவரின் விற்பனைக்குக் கடும் பாதிப்பு வந்தது.

இதில் இடறுவது கடைசிப் படி. ஏர்பஸ்ஸுக்கு ஐரோப்பிய அரசுகள் கொடுத்த துவக்க நிதி ஒளிவுமறைவான விஷயமே இல்லை. புதிய ரகத்தை வடிவமைக்க அரசு கடன் தரும். விமானம் விற்க விற்க, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தொகையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். விற்காவிட்டால் பாரம் அரசின் தலையில். இவ்வளவு அபாயமுள்ள கடனுக்குத் தனியார் கடன்காரர் கேட்டிருக்கும் வட்டிக்கும் அரசு வாங்கிய வட்டிக்கும் உள்ள இடைவெளிதான் மானியத்தின் அளவு. அந்த இடைவெளியைக் காட்டினால் மட்டும் போதாது. எந்த விமான நிறுவனத்தின் எந்த ஏலம் இதனால் கைநழுவியது என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். விலை, எஞ்சின், விநியோகத் தேதி, பழைய விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது எனப் பத்துக் காரணங்கள் கலந்திருக்கும் ஒரு முடிவிலிருந்து மானியத்தை மட்டும் பிரித்தெடுப்பதில்தான் ஆண்டுகள் போகின்றன.

எத்தனை ஆண்டுகள்? அமெரிக்கா ஏர்பஸ் மானியத்துக்கு எதிராக மனுக் கொடுத்தது 2004 அக்டோபர் 6. விசாரணைக் குழுவின் அறிக்கை 2010 ஜூனில், மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2011 மே மாதத்தில். நிறைவேற்றம் பற்றிய இரண்டாவது சுற்று முடிந்தது 2018 மே. ஆண்டுக்கு சுமார் 750 கோடி டாலர் மதிப்புள்ள பொருட்கள் மீது பதிலடி நடவடிக்கை எடுக்கலாம் என்று நடுவர்கள் அனுமதித்தது 2019 அக்டோபர் 2. பதினைந்து ஆண்டுகளுக்கு நான்கு நாள் குறைவு. வழக்கின் மையத்தில் இருந்த ஏ380 அதற்குள் 2007இல் சேவைக்கு வந்து, போதிய ஆர்டர் இல்லாமல், 2019 பிப்ரவரியில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவிப்பும் வந்துவிட்டது.

எதிர்வழக்கு நிச்சயம் வரும் என்பது அடுத்த தொல்லை. அமெரிக்கா மனுக் கொடுத்த அதே நாளில் ஐரோப்பாவும் போயிங்குக்கு எதிராக மனுக் கொடுத்தது. நாசா, பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிப் பணம், வாஷிங்டன் மாநிலத்தின் வரிச்சலுகை எல்லாம் அதில் வந்தன. 2020 அக்டோபர் 13இல் ஐரோப்பாவுக்குக் கிடைத்த அனுமதி ஆண்டுக்கு சுமார் 399 கோடி டாலர். தன் வீட்டு மானியத்தைக் கூட்டிப் பார்க்காமல் ஜெனீவா போகும் அரசு, எதிர்த்தரப்புக்குக் கிடைக்கப்போகும் தொகையையும் சேர்த்தே போராடிப் பெறுகிறது.

பதிலடி வரி யார் மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தீர்ப்பில் பழைய நட்டத்துக்கு இழப்பீடு கிடையாது. இனிமேல் வரி போடும் உரிமை மட்டும்தான். 2019 அக்டோபர் 18 முதல் அமெரிக்கா ஐரோப்பிய விமானங்கள் மீது போட்டது 10 சதவீதம், 2020 மார்ச்சில் அது 15 ஆனது. ஒயின், பாலாடைக்கட்டி, ஸ்காட்ச் விஸ்கி ஆகியவற்றுக்கோ 25 சதவீதம். விமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களை நோகடித்து அவர்கள் மூலம் அரசை நெருக்குவதுதான் உத்தி. விமானத்தின் மேல் போட்ட வரியோ வாங்கியவர் தலையில் விழுந்தது. அமெரிக்க விமான சேவை நிறுவனமான டெல்டா புதிய ஏர்பஸ்களை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யாமல், வெளிநாட்டு விமான நிலையங்களிலிருந்து பன்னாட்டுச் சேவையில் மட்டும் பறக்கவிட்டு வரியைத் தவிர்த்தது. 15 சதவீத வரியிலிருந்து தப்பிக்க அந்தச் சுற்றுவழியே போதுமானதாக இருந்தது.

இருந்தாலும் ஜெனீவா வழி வீண் என்று தள்ளிவிட முடியாது. 2020இல் வாஷிங்டன் மாநிலம் அந்த வரிச்சலுகையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் ஏ350க்கான பிரெஞ்சு, ஸ்பானியக் கடன்களின் வட்டியை உயர்த்த ஏர்பஸ் ஒப்புக்கொண்டது. அதாவது இந்த வழி நடக்கும் விற்பனையைக் காப்பாற்றாது, அடுத்த ரகத்தின் கடன் நிபந்தனையை மாற்றும். அதற்குப் பதினைந்து ஆண்டுப் பொறுமை இருந்தால் போகலாம்.

இன்றைய நிலையில் இன்னொரு ஓட்டை. நீதிபதிகள் நியமனம் தடைபட்டதால் 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பு செயல்படவில்லை. தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் தொங்கும். 2020இல் தொடங்கிய இடைக்கால நடுவர் ஏற்பாட்டில் ஐரோப்பிய ஒன்றியம், கனடா, பிரேசில், சீனா ஆகியவை இருக்கின்றன, அமெரிக்கா இல்லை. எதிர்த்தரப்பு அந்த ஏற்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மனுவையே எழுத வேண்டும்.

உள்நாட்டு வரி

வேகம் வேண்டுமானால் இதுதான். அமெரிக்க முறையில் ஒரே நாளில் இரண்டு இடங்களில் மனுக் கொடுக்க வேண்டும். மானியம் எவ்வளவு, அடக்கவிலைக்குக் கீழே எவ்வளவு என்று வணிகத் துறை கணக்கிடும். உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு உண்டா, பாதிப்பு வரும் அபாயமாவது உண்டா என்று பன்னாட்டு வணிக ஆணையம் தனியாகப் பார்க்கும். இரண்டும் ஆம் என்றால்தான் வரி நிற்கும். மனுக் கொடுத்த 45 நாளில் ஆணையத்தின் முதல்நிலை முடிவு வந்துவிடும். இறுதி வரி வரை சுமார் ஓராண்டு. ஜெனீவாவோடு ஒப்பிட்டால் மின்னல் வேகம்.

இந்த வழியின் பலமும் ஆபத்தும் ஒரே வழக்கில் முழுதாகத் தெரிகின்றன. 2016 ஏப்ரலில் டெல்டா 75 சி சீரிஸ் விமானங்களை பம்பார்டியரிடம் ஆர்டர் செய்தது. கியூபெக் மாகாண அரசு அத்திட்டத்தில் 100 கோடி டாலர் போட்டு 49.5 சதவீதப் பங்கு எடுத்திருந்தது. ஒன்று செய்ய 3.32 கோடி டாலர் ஆகும் விமானத்தை 1.96 கோடிக்கு விற்றார்கள் என்று 2017 ஏப்ரல் 27இல் போயிங் மனுக் கொடுத்தது. எட்டே மாதத்தில், டிசம்பரில், வணிகத் துறையின் இறுதிக் கணக்கு வந்தது: மானியத்துக்கு ஈடாக 212.39 சதவீதம், அடக்கவிலைக்குக் கீழே விற்றதற்கு 79.82 சதவீதம். இரண்டும் சேர்ந்து 292.21. அந்த வரி நின்றிருந்தால் அமெரிக்காவில் ஒரு சி சீரிஸ்கூட விற்றிருக்காது.

ஆனால் 2018 ஜனவரி 26இல் வணிக ஆணையம் நான்குக்கு பூஜ்யம் என்று மனுவைத் தள்ளியது. போட்டியிட்ட பொருள் எது என்பதுதான் சிக்கல். டெல்டா கேட்ட அளவில் புதிய விமானம் எதையும் போயிங் முன்வைக்கவே இல்லை, பழைய விமானங்களைத்தான் தந்தது என்று டெல்டா ஆணையத்திடம் சொன்னது. தான் விற்க முன்வராத ஓர் ஆர்டரை எப்படி இழக்க முடியும்? வணிகத் துறையின் சதவீதத்தைப் பார்த்து மயங்குபவர்கள் இந்த இரண்டாவது வாசலை மறந்துவிடுகிறார்கள். மனு எழுதுபவர்களின் உழைப்பில் முக்கால் பங்கு பாதிப்பை நிரூபிப்பதற்குப் போக வேண்டும், மானியக் கணக்குக்கு அல்ல.

தோல்வியைவிடப் பெரிய விலை ஒன்று இருந்தது. முதல்நிலை வரிகள் அறிவிக்கப்பட்ட மூன்றே வாரத்தில், 2017 அக்டோபர் 16 அன்று, சி சீரிஸ் திட்டத்தின் 50.01 சதவீதத்தை ஏர்பஸ் எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அந்தப் பங்குக்கு அது ரொக்கம் எதுவும் கொடுக்கவில்லை. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான விமானங்களை அலபாமாவின் மொபீல் நகரில் பொருத்துவது என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. அடுத்த ஜூலையில் விமானத்தின் பெயர் ஏ220. பலவீனமான ஒரு சிறிய போட்டியாளரை விரட்டப் போய், அவருடைய விமானம் பரம எதிரியின் விற்பனை வலையில் சேர்ந்ததுதான் போயிங்குக்கு மிச்சம். போதாக்குறைக்கு, போயிங்கிடமிருந்து 18 சூப்பர் ஹார்னெட் போர் விமானங்களை வாங்கும் திட்டத்தைக் கனடா கைவிட்டு, ஆஸ்திரேலியாவின் பழைய போர் விமானங்களை வாங்கியது. சி சீரிஸின் இறக்கைகள் செய்யப்பட்டது பெல்ஃபாஸ்ட்டில் என்பதால் பிரிட்டன் பிரதமர் தெரசா மேயும் அமெரிக்க அதிபரிடம் பேசினார். எஞ்சின் செய்ததோ பிராட் அண்ட் விட்னி, அமெரிக்க நிறுவனம். இன்றைய விமானம் எதுவானாலும் அதன் மேல் வரி போட்டால் அது பல நாடுகளில் வலிக்கும். அவற்றில் ஒன்று சொந்த நாடாகவும் இருக்கலாம்.

இன்னொரு எல்லையும் உண்டு. உள்நாட்டு வரி உள்நாட்டுச் சந்தையை மட்டுமே காக்கும். பிரேசிலின் எம்ப்ரேயர் போல விற்பனையில் பெரும்பகுதி ஏற்றுமதியாக இருக்கும் தயாரிப்பாளருக்கு இந்த ஆயுதம் கிட்டத்தட்டப் பயனற்றது. 2017இல் கனடாவின் சி சீரிஸ் உதவிக்கு எதிராக பிரேசில் ஜெனீவாவுக்குப் போனதற்கும் போயிங் வாஷிங்டனுக்குப் போனதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். பிரேசில் தன் வழக்கை 2021 பிப்ரவரியில் தானே கைவிட்டது. அதற்கு முன்பே பம்பார்டியர் பயணிகள் விமானத் தொழிலை விட்டுப் போய்விட்டது.

எண்ணில் பேசுவது

மெதுவான, பெருமை தராத வழி. ஆனால் விலைப்பட்டியலை உண்மையில் மாற்றியது இதுதான்.

1979ஆம் ஆண்டின் பயணிகள் விமான வணிக ஒப்பந்தம், கையெழுத்திட்ட நாடுகளுக்கிடையே விமானம், எஞ்சின், பாகங்கள் மீதான சுங்கவரியை நீக்கியது. மானியம் பற்றி அதில் இருந்தது நல்லெண்ண வாசகம் மட்டும், யாரையும் கட்டுப்படுத்தவில்லை. 1992இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் வேறு ரகம். நேரடி அரசு நிதி புதிய ரகத்தின் மொத்த உருவாக்கச் செலவில் 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 17 ஆண்டுக்குள் திருப்பிக் கட்ட வேண்டும். ஆராய்ச்சி போன்ற மறைமுக உதவி நாட்டின் பயணிகள் விமானத் தொழில் விற்றுமுதலில் 3 சதவீதத்துக்குள், தனி நிறுவனத்துக்கு 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கணக்காளரே சரிபார்க்கக்கூடிய விதிகள் இவை. அமெரிக்கா விலகும்வரை பன்னிரண்டு ஆண்டு நின்றது. மீறினால் என்ன தண்டனை என்பதற்குப் பல் இல்லாததுதான் அதன் குறை.

கனடாவும் பிரேசிலும் சிறிய ஜெட் விமானங்களுக்காகச் சண்டையிட்டது இன்னும் நல்ல பாடம். வாங்குபவரின் கடன் வட்டியில் 3.8 சதவீதப் புள்ளிகள் வரை பிரேசில் அரசு தாங்கிக்கொண்டது. இது எவ்வளவு பெரிய சலுகை? 2 கோடி டாலர் கடன், 15 ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமமான அசல் தவணை என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். வட்டியில் மிச்சம் மட்டும் சுமார் 59 லட்சம் டாலர் வரும். எந்த விற்பனையாளரும் பட்டியல் விலையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. விலை அதேதான், கடன்தான் மலிவு. கனடாவும் தன் ஏற்றுமதிக் கடன் அமைப்பின் மூலம் இதையேதான் செய்தது. ஜெனீவாவில் இரண்டு நாடுகளுமே தோற்றன. ஆண்டுக்கு 34.42 கோடி கனடிய டாலர் அளவில் பதிலடிக்குக் கனடாவுக்கு 2000இல் அனுமதி கிடைத்தது. 2003இல் பிரேசிலுக்குக் கிடைத்தது சுமார் 24.8 கோடி அமெரிக்க டாலர். இருவருமே அதைப் பயன்படுத்தவில்லை.

பிரச்சினையைத் தணித்தது 2007 ஜூலையில் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்தான விமான ஏற்றுமதிக் கடன் உடன்பாடு. பணக்கார நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பில் உறுப்பினரே இல்லாத பிரேசிலும் அதில் சேர்ந்தது. 2011இல் அது திருத்தப்பட்டது. வாங்கும் விமான நிறுவனத்தின் கடன் தகுதிக்கேற்ற குறைந்தபட்சக் கட்டணம், வழக்கமாக 12 ஆண்டுக் கடன் காலம், முன்பணமாக வாங்குபவர் போட வேண்டிய பங்கு எல்லாம் எண்களாக எழுதப்பட்டன. இந்த உடன்பாட்டுக்குள் நிற்கும் வட்டி விகிதத்துக்கு மானிய ஒப்பந்தத்தில் பாதுகாப்பும் உண்டு என்பதால் நாடுகளுக்கு உள்ளே இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. வெளியே நிற்பவரைத்தான் இது கட்டுப்படுத்தாது. சீனா இந்த உடன்பாட்டிலும் இல்லை, 1979 ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் இல்லை.

2021 ஜூனில் அமெரிக்காவும் ஐரோப்பாவும், தனியாக பிரிட்டனும், பதிலடி வரிகளை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்ததில் வெளியே நிற்பவரைப் பற்றிய கவலை வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா விமானங்களையும் விடாமல் 10 சதவீத வரி போட்டபோதும், பிரிட்டன் சில மாதங்களிலும் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆண்டுக்குள்ளும் பேச்சு மூலமே விமானத்துக்கு விலக்கு வாங்கின. யாரும் ஜெனீவா தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

ஆலையை நகர்த்துவது

ஏர்பஸ் 2008இல் சீனாவின் தியான்ஜினிலும் 2015இல் மொபீலிலும் ஏ320 குடும்பத்துக்கு இறுதிப் பொருத்தும் ஆலை திறந்தது. வரி போடும் அரசியல்வாதியின் தொகுதியில் வேலை உருவாக்குவதைப்போல வலுவான தடுப்பு வேறில்லை. ஆனால் இறுதிப் பொருத்தல் விமானத்தின் மதிப்பில் சிறு பங்குதான். இறக்கையும் உடற்பகுதியும் கப்பலில்தான் வருகின்றன. 2019இல் அந்தப் பாகங்களை வரிப் பட்டியலில் சேர்க்காமல் விட்ட அமெரிக்கா, 2021 ஜனவரி 12 முதல் பிரான்ஸ், ஜெர்மனியிலிருந்து வரும் பாகங்களையும் சேர்த்தது. ஆலை இருந்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அது பாடம். ஆண்டுக்கு எத்தனை விமானம் செய்தால் இரண்டாவது ஆலையின் கூடுதல் செலவு ஈடுகட்டும் என்பதும் ரகத்துக்கு ரகம் மாறும். விற்பனை குறைந்த ரகத்துக்கு இது கட்டுப்படியாகாது.

அரசுகள் கையில் இப்போது இன்னொரு நெம்புகோலும் இருக்கிறது: எஞ்சின் ஏற்றுமதி உரிமம். சீனாவின் பயணிகள் விமானமான சி919 பறப்பது அமெரிக்க-பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பான லீப் எஞ்சினில். 2025 மே மாத இறுதியில் அமெரிக்கா உரிமங்களை நிறுத்தியது. ஜூலையில் திரும்பக் கொடுத்தது. வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் எஞ்சின் விற்பவருக்கும் அதில் பாதிப் பங்குள்ள பிரான்ஸின் சாஃப்ரானுக்கும் நட்டம், சீனா சொந்த எஞ்சினை விரைவுபடுத்த ஒரு காரணமும் ஆகிறது.

யாருக்கு எது

போட்டியாளரின் ரகம் இன்னும் வரைபடத்தில் இருக்கிறது என்றால் பேச்சுதான் முதல் வழி. ஜெனீவா மனுவைத் தயார் செய்து மேசையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. கனடா, பிரேசில் இரண்டும் தோற்ற பிறகுதான் ரியோவுக்கு வந்தன. வழக்கு பேச்சுக்கு நெருக்கடி கொடுக்கும். வழக்கே முடிவாக இருக்காது.

ரகம் விற்பனைக்கு வந்துவிட்டது, அதே இருக்கை எண்ணிக்கையில், அதே தூரம் பறக்கும் விமானத்தை நீங்களும் விற்கிறீர்கள், உங்கள் சந்தையில் பெரும்பகுதி சொந்த நாட்டில் இருக்கிறது. இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும் உள்நாட்டு வரி. ஒன்று குறைந்தாலும் வேண்டாம். மூன்றும் பொருந்தினாலும் மனுக் கொடுக்கும் முன், போட்டியாளரை வாங்கக்கூடிய பெரிய நிறுவனம் எது, அதற்கு உங்கள் நாட்டில் ஆலை இருக்கிறதா என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவர் நீங்கள் என்றால் ஆலை. கூடவே விற்பனை ஒப்பந்தத்தின் வரிப் பிரிவு. விமானத்தின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரின் விநியோக மையத்திலேயே கைமாறுகிறது. அதன்பின் வரும் சுங்கவரி இறக்குமதி செய்பவருடையது. கையெழுத்துக்குப் பின் புதிதாக வரும் வரியை யார் எத்தனை சதவீதம் வரை ஏற்பது, அதற்கு மேல் போனால் விநியோகத்தைத் தள்ளிவைக்கலாமா, வேறு நாட்டில் ஒப்படைக்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பிரிவில் பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் விமானத்தை எடுக்கவே மாட்டார்.

எந்த வழியானாலும் ஏலம் ஒவ்வொன்றுக்கும் அது நடக்கும் நாளிலேயே ஒரு கோப்பு திறக்க வேண்டும்: நாம் சொன்ன விலை, கடன் நிபந்தனை, விநியோகத் தேதி, எதிராளி சொன்னதாகத் தெரிந்தவை, வாங்குபவர் நம்மை ஏன் தள்ளினார் என்பதற்கான எழுத்துச் சான்று. பத்தாண்டு கழித்து விசாரணைக் குழு கேட்பது இதைத்தான்.